கட்டப்படாத டாங்கிகளைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனேன்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஊர் நகரியில் திருப்பதி பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் எண்பது ரூபாய். பக்கத்தில் இருந்த பெரியவர், "தரிசனத்துக்கா நைனா?" என்று கேட்டார். டாங்கி பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டினேன்.

"எனக்கும் சேத்து கும்புட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டுப் புத்தூரில் இறங்கிக்கொண்டார்.

நான் பார்க்கப் போனது போர் டாங்கிகளின் தகர மாதிரிகள். வரைபடத்தோடு நின்றுபோய், எந்த நாட்டிலும் கட்டப்படாதவை. மாதிரிகளைச் செய்தவன் ஏகாம்பரம், எனக்குப் பக்கத்துத் தறியில் சேலை நெய்பவன். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் அதோடு நிறுத்திவிட்டோம். அந்தப் படங்களைப் போனில் முதலில் கண்டுபிடித்து அவனுக்குக் காட்டியது நான். இரண்டு வருடம் நான் நோட்டில் வரைந்துகொண்டே இருந்தேன். அவன் தகரம் வெட்டினான். இப்போது ஒரு எஞ்சினியரிங் கல்லூரி அவனைக் கண்காட்சி வைக்கக் கூப்பிட்டிருக்கிறது. பிடித்துப்போனால் கல்லூரிப் பட்டறையில் வேலையும் உண்டாம். இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டரைக்குத் திருப்பதி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். கல்லூரி பெயரைச் சொன்னதும் டிரைவர், "டாங்கி அண்ணா பேனர் கட்டிக்கீறாங்களே, அங்கியா?" என்றார். ஆட்டோக்காரர் வரைக்கும் அவன் புகழ்.

ஒன்பது மணிக்கு ஹாலுக்குள் போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஏகாம்பரம் நின்றிருந்தான்.

"வாடா தேசப்பா! எதுனா துன்னியா?"

"ஆச்சி" என்றேன். ஆகவில்லை.

நீள மேசையில் பதினொரு டாங்கிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் வரைபடத்தின் நகல். நடுவில் இருந்தது, ஜெர்மனியில் ஆயிரம் டன் எடைக்குத் திட்டமிட்டது. மேலே கப்பல் பீரங்கி இரண்டு. எந்தப் பாலமும் அதைத் தாங்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் எலி. பக்கத்தில் அதே அளவுகோலில் ஓர் ஆர்டிசி பஸ்ஸும் செய்து வைத்திருந்தான். டாங்கியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை பஸ். இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

கடைசி டாங்கியிடம் வந்து நின்றேன். ஓட்டுபவர் இறங்கும் மூடி வரைபடத்தில் வலப்பக்கம், தகரத்தில் இடப்பக்கம். உடனே புரிந்துவிட்டது. நாங்கள் சேலையின் முகம் கீழே இருக்கும்படிதான் நெய்வோம். கண்ணுக்குத் தெரிவது உள்பக்கம். அந்தப் பழக்கத்தில் படத்தைத் தகரத்தின் உள்பக்கம் ஒட்டி வெட்டியிருக்கிறான்.

பதினோரு மணிக்குத் துறைத் தலைவர் அம்மா வந்தார். வேலூரில் படித்தவராம், தமிழ் பேசினார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் டிராயிங் மாதிரியே இருக்கா அண்ணா?" என்றார்.

"அப்டியே கீது மேடம்" என்றான் ஏகாம்பரம்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவன் நான். அன்று திறந்தேன். "கடைசி டாங்கி இடம் வலம் மாறிக்கீது."

ஏகாம்பரம் படத்தைப் பார்த்தான், டாங்கியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு சிரித்துவிட்டான். "அட, ஆமாம்பா! மேடம், தறியில சேல கவுந்துக்கினு இருக்கும். அந்தப் புத்தி இங்கயும் வந்துட்ச்சி."

அந்த அம்மா தன் முந்தானையைத் திருப்பிப் பார்த்தார். "இதுவும் கவுத்துப் போட்டு நெய்ஞ்சதா? அப்போ டிசைன மனசுலயே திருப்பிடறீங்க. எங்க பசங்களுக்கு அதுதான் வரமாட்டேங்குது. திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடுங்க."

"படம்லாம் எனக்குக் காட்டுனது இவன்தான் மேடம். இவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று ஏகாம்பரம் என்னை முன்னால் இழுத்தான்.

"நீங்க ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லிங்க" என்றேன். நோட்டு என் பையில்தான் இருந்தது.

இரண்டரை மணி பஸ்ஸுக்கு என்னை வழியனுப்ப ஏகாம்பரம் நிலையம் வரை வந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருப்பதி எங்கள் ஊரைப் போல இல்லை. அங்கே தப்பாகச் செய்தவனுக்கும் வேலை தருகிறார்கள். இங்கே இழை ஒன்று பிசகினாலும் சேலை திரும்பி வரும்.

வீட்டில் மனைவி, "எப்டி கீது?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. ஒண்ண மட்டும் மாத்தி வெட்டிட்டான்" என்றேன்.

வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை. அவன் வீடு அடுத்த தெருதான். காலையில் குழாயடியில் தெரிந்துகொள்வாள்.