மேடையிலிருந்து இறங்கிய கைபேசி

இந்த ஊரில் கோயில் பொறுப்பை விட்டுப் போகிறவருக்குக் கைதட்டுகிறார்கள், கேக்கும் வெட்டுகிறார்கள். மெல்போர்னில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. சர்ச் வாசலில் நின்று பாட்டுப்புத்தகம் கொடுக்கும் கெவின், ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் எழுந்து, "அடுத்த வாரத்திலிருந்து இந்த வேலையில் நான் இல்லை" என்றார். உடம்புக்கு ஏதோ என்று பதறி, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "டாக்டரா? மீன் பிடிக்கப் போகிறேன்" என்றார். இயேசு சிலுவையில் அறையப்பட்ட பிறகு, எல்லாம் முடிந்ததென்று மீன்பிடிக்கக் கிளம்பிய சீடர் பேதுருதான் எனக்கு நினைவுக்கு வந்தார். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "பெரிய மீனாகக் கேளுங்கள்" என்றார்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கிராமத்துச் சபைக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியனான என் பொறுப்பு. கோயிலுக்குக் கூரை போட்ட அன்று, சாகும்வரை இதைச் செய்வேன் என்று எல்லார் முன்னாலும் பொருத்தனை செய்தேன். வேதம் சொல்வதுபோல, கலப்பையில் கைவைத்தவன் திரும்பிப் பார்க்கலாமா? ஆகவே கடல் தாண்டியும் விடவில்லை. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை ஆராதனை. என்னிடம் படித்த எஸ்தர் தன் கைபேசியைப் பிரசங்க மேடையில் வைத்து மைக்கை அதன் பக்கம் சாய்ப்பாள். நான் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மகனுடைய சமையலறையில் நின்று பாட்டு எண் சொல்வேன்.

கெவின் விடைபெற்ற அதே ஞாயிறு, ஜெபத்தின் நடுவில் லைன் அறுந்தது. நெடுநேரம் கழித்துத்தான் எஸ்தர் கிடைத்தாள்.

"எல்லாரும் பூட்டாங்க சார்."

"ஆராதனை?"

"நீங்க வருவீங்கன்னு உக்காந்துகினே இருந்தோம். நடவுக்குப் போறவங்க எவ்ளோ நேரம் இருப்பாங்க? ராகேல் அக்கா, புள்ளைக்கு ஆப்ரேஷன், ஜெபம் பண்ணணும்னு வந்துது. அழுதுகினே போச்சு."

"நீ ஜெபம் பண்ணியிருக்கலாமேம்மா?"

"போன தபா லைன் கட்டானப்ப ஒரு பாட்டு எடுத்தேன். யாரக் கேட்டு ஆரம்பிச்சன்னு கேட்டீங்களே சார்."

கேட்டேன். உண்மைதான். பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பாதி பிடிவாதம். சலிப்பில் விட்டு ஓடுவது துரோகம், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தச் சனங்கள் ஆராதிக்கத்தானே நான் பொருத்தனை செய்தேன்? கலப்பையை விடாமல் பிடித்திருந்தேன்; உழவுதான் நடக்கவில்லை. கெவின் பேசி உட்காருமுன்பே பாட்டுப்புத்தகங்கள் அவருக்குப் பதில் வந்த பெண்ணின் கையில் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றே ராகேலைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், பிள்ளைக்காக ஜெபித்தேன். பிறகு போதகரிடம், இனி எஸ்தர் நடத்தட்டும் என்றேன். "இத நீங்களே சொல்லணும்னுதான் சார் நானும் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு எஸ்தர் அழைத்ததும், பழக்கத்தில் தொண்டையைச் செருமினேன்.

"சார், இன்னிக்கி நீங்க மேடையில இல்ல. கடைசிப் பாயில, ராகேல் அக்கா மடியில கீறீங்க. கம்முனு கூடப் பாடுங்க."

பாடினேன். அவள் சுருதி என்னுடையதைவிட ஒரு கட்டை மேலே. ராகேலின் பிள்ளை இப்போது நலம்; அவனும் அந்தப் பாயில்தான் உட்காருகிறான். என் குரல் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் பிந்துகிறது. எல்லாரும் ஆமென் சொல்லி முடித்தபின், ராகேல் மடியிலிருந்து என் ஆமென் மட்டும் தனியாகக் கேட்குமாம். பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வந்து சேரும்போது நான் இங்கே சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன்.