சயனைட் மலையும் அக்காவின் நிறமும்

பெங்களூரில் பழைய சாமான் விற்கிற ஒரு தெருவில், ஓடாத கடிகாரங்களுக்கும் மூடியில்லாத மிக்ஸி ஜாடிகளுக்கும் நடுவே அந்தக் குட்டி டிஜிட்டல் கேமரா கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும். பட்டனை அமுக்கினால் மூக்கை நீட்டும். ரயில் எங்கள் ஊரான ஊரிகம் வருவதற்குள் அதன் எல்லா மெனுக்களுக்குள்ளும் புகுந்து வெளியே வந்துவிட்டேன். பக்கத்து சீட் அம்மா என் மடியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கேமரா கிடைத்தால் எல்லோரும் படம் எடுப்பார்கள். எனக்கு முதலில் அதைச் சோதித்தாக வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் தகரக் கூரைகளைவிட நல்ல சோதனை அட்டை உலகத்தில் கிடையாது. கோடு கோடாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கூரைகளில் எத்தனையாவது வீடு வரை கோடு தனித்தனியாகத் தெரிகிறது, எங்கே எல்லாம் கலந்து வெறும் சாம்பல் தீற்றலாகிறது என்று பார்த்தால் லென்ஸின் யோக்கியதை தெரிந்துவிடும். மூடிப்போன தங்கச் சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தை வானத்துக்கு எதிரே வைத்து எடுத்தேன். இரும்பின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஓடியது. இந்த வயது கேமராவுக்கு அது மன்னிக்கக்கூடிய குற்றம்.

"கூரைய படம் புடிக்கிறவளுக்கு கேமரா வித்தான் பாரு, அவன சொல்லணும்" என்றாள் அக்கா, வாசலில் தலை காயவைத்தபடி.

சொன்னாளே தவிர, கேமராவின் மேல் என்னைவிட அவளுக்குத்தான் கண். காரணம் இருந்தது. அவளுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி நிச்சயதார்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்கவேண்டும், பெண் கூடப் போகக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி. பெண் பார்க்க வரவில்லை. அக்காவை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். அதுவும் என் போனில் எடுத்த போட்டோ. கேட்காமலே முகத்துக்கு மாவு பூசிவிடும் போன் அது. அந்த முகத்தை நம்பி, பூ வைக்க வந்தவர்களிடம் வெளிர் ரோஸில் ஒரு புடவை கொடுத்தனுப்பியிருந்தார். போட்டோவில் இருந்த பெண்ணுக்கு அது பிரமாதமாகப் பொருந்தியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஆரணிக்குப் புடவை எடுக்கப் போகிறார்கள். "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நல்லதா ஒரு போட்டோ அனுப்பும்மா" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"புடவைகூட போவுது, வுடு" என்றாள் அக்கா. "நேர்ல பாக்கறப்போ, இன்னா இது, போட்டோல வேற மாரி இருந்துச்சேன்னு அவங்க மூஞ்சி மாறிச்சினா நான் எங்க போய் நிப்பேன்? என் கலரு என் கலராவே வரணும். வருமா இதுல?"

"வரும்" என்றேன். அத்தனை மெனு பார்த்தவளுக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்!

அந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. வெள்ளையான ஒரு பொருளைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக்கொடுத்தால், மற்ற நிறங்களை அதை வைத்துச் சரிசெய்துகொள்ளும். ஆளுக்கு ஆள் வெள்ளைக் காகிதத்தைத் தேடுவார்கள். எனக்கெதற்குக் காகிதம்? வீட்டுக்குப் பின்னால் சயனைட் மலை நிற்கிறது. சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்தபிறகு மில் துப்பிய மண், வெயிலில் பளீரென்று. பள்ளிக்கூடத்தில் ஊர்ப்படம் வரையச் சொன்னால் நாங்கள் எல்லோரும் மலைக்கு மட்டும் கலர் அடிக்காமல் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவோம். சனிக்கிழமை மத்தியானம் கேமராவை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, 'இதுதான் வெள்ளை' என்று பட்டனை அமுக்கினேன். பிறகு அக்காவை நிற்கவைத்து எடுத்தேன்.

அக்கா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கூத்துல கிருஷ்ணர் வேஷம் கட்டினவன் மாரி கீறேன்!"

உண்மைதான். முகத்தில் சாம்பலும் நீலமும் பூத்திருந்தன. நிழலில் எடுத்தேன், வெயிலில் எடுத்தேன், மலையின் வேறொரு பக்கத்தைக் காட்டி மறுபடி சொல்லிக்கொடுத்தேன். கிருஷ்ணர் போகவில்லை. சென்சார் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அக்கா என் போனை எடுத்தாள். "வுடு, அந்த மாவு மூஞ்சியே போவட்டும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் பக்கத்து லைனிலிருந்து என் சிநேகிதி வந்தாள். சர்ச்சில் பாடுகிறவள். அன்று பாட்டுக் குழு வெள்ளை உடுப்போடு ஒத்திகை பார்க்கிறது என்று வெள்ளைச் சுடிதாரில் இருந்தாள். "ஏய், என்னயும் ஒண்ணு எடுடி, சக்கத்தா, சூப்பரா வரணும்" என்று மலை பின்னால் தெரிய நின்றுகொண்டாள். வேண்டாவெறுப்பாக எடுத்தேன்.

திரையைப் பார்த்து அவள் அலறினாள். "அய்யோ, என் டிரெஸ்ஸு இன்னா நீலமா கீது? எங்க வூட்ல துணிக்கு நீலமே போட மாட்டாங்கடி! மலைய பாரு, பால் மாரி கீது. மலைய மட்டும் அழகா எடுத்து வச்சிருக்க!"

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால் மலையைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவள் துப்பட்டா வெள்ளை. மலை வெள்ளையே இல்லை. சத்துமாவைக் கொட்டிக் குவித்ததுபோல் மஞ்சளும் பழுப்பும் கலந்து உட்கார்ந்திருந்தது. பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒருநாள்கூட ஒரு வெள்ளைத் துணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மஞ்சளைக் காட்டி வெள்ளை என்று நான் சொல்ல, கேமரா என்ன செய்யும்? சொல்பேச்சு கேட்டு எல்லோர் மேலும் நீலத்தைக் கொட்டியிருக்கிறது.

"துப்பட்டாவ குடு!"

"ஏய், பிராக்டிஸுக்கு லேட் ஆவுது, ஃபாதர் திட்டுவாரு!"

"ஒரே நிமிஷம், குடுடி!"

துப்பட்டாவைக் கொடியில் விரித்து, கேமராவுக்கு வெள்ளையைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தேன். முகம் கழுவப் போன அக்காவைத் துண்டோடு இழுத்து வந்து கதவோரம் நிறுத்தினேன். "சிரிக்க மாட்டேன்" என்றாள். சிரிக்காமலே எடுத்தேன்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் தன் முன்கையை வைத்துப் பார்த்தாள். கையையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது நான்" என்றாள் மெதுவாக. மூக்கோரத்தில் பரு ஒன்று தெரிந்தது. அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள்.

படத்தைப் போனுக்கு மாற்றி அவளே அனுப்பினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கினாள், நறுக்கினாள், அன்றைக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகமாக நறுக்கினாள். சிநேகிதி ஒத்திகையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் சிணுங்கியது. மாப்பிள்ளையின் அம்மா குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார்.

"ஏம்மா, இதாம்மா உன் கலரு? போன தடவ வந்த போட்டோவ பாத்து நான் பயந்துட்டேன். நம்ம கறுத்த பையன் பக்கத்துல இந்த வெள்ளக்காரி எப்டி நிப்பாளோன்னு! இப்பதான் நிம்மதி. இந்தக் கலருக்கு அரக்கு எடுத்தா அப்டி தூக்கும். மாம்பழ மஞ்சளும் நல்லாத்தான் இருக்கும். உனக்கு எதும்மா புடிக்கும்? கூச்சப்படாம சொல்லு."

சிநேகிதி கைதட்டினாள். அக்கா வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குரலை மறுபடியும் போட்டுக் கேட்டாள். எங்கள் இருவரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினோம். ஒரு தடவை தொண்டையைச் செருமினாள், பதிவை நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள்.

"அரக்கு எடுங்க, அத்தை" என்றாள்.