டீசல் காரை முந்தாத பதிகம்

தில்லையில் ஆடும் பெருமான் திருவடியே துணை.

அன்று ஆனித் திருமஞ்சன நாள். மாப்பிள்ளை வாங்கியிருந்த புதிய டீசல் காரில், கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்பட்டோம். புறப்படும்போதே பதிகங்களைத் தொடங்கி, கோபுரம் கண்ணில் படுமுன் ஓதி முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பேருந்தில் சென்ற காலமெல்லாம், கோபுரம் தெரியத் தொடங்கும் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்பே முடித்துவிடுவேன்.

அந்தக் காரின் வலிமை வியப்பூட்டியது. மாப்பிள்ளை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். பிறகு நம் முதுகை இருக்கையோடு அழுத்தியபடி லாரிகளைக் கடந்துவிடும். அதன் தாழ்ந்த உடலும் விறைப்பான ஸ்பிரிங்குகளும் பள்ளந்தோறும் என் இடுப்பை வருத்தின. இரண்டு பதிகங்கள் மீதமிருக்கையிலேயே பாலம் நெருங்கிவிட்டது.

"ஓரமா நிறுத்துங்க மாப்ள, முடிச்சிக்கிறேன்."

பின்னிருக்கையில் மகள் சிரித்தாள். "நீங்க பாடுற ஸ்பீடுக்கு மாட்டு வண்டிதாம்பா சரி."

நின்ற கார் கடகடவென்று அதிர்ந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ஜினை அணைக்கச் சொன்னேன்.

"ஒடனே அணைக்கக் கூடாது மாமா. வேகமா வந்ததுல என்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தர்ற டர்போ சூடா இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓடி அடங்கட்டும்."

கண்களை மூடிக் காத்திருந்தேன். என்ஜின் அடங்கியபோது என் மூச்சும் சீராகியிருந்தது. மீதியை நிதானமாக ஓதி முடித்த பிறகே பாலத்தைக் கடந்தோம்.

அதன்பின் அந்தக் காரில் செல்லும் நாளெல்லாம் வீட்டிலேயே ஓதத் தொடங்கிவிடுகிறேன். மாப்பிள்ளை சாவியோடு வாசலில் காத்திருக்கிறார்.

இதைப் படிப்போர் செல்லும் வழியெல்லாம் இடரின்றி அமைய அப்பெருமான் அருள்க.