கொர்கொர் வீட்டுக்கு வழி

“நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது” என்றது போன். எதிரே குளம். படியில் ஒருவர் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். கொல்கத்தாவின் இந்த பெஹாலாப் பகுதியில் இப்படி வீடுகளுக்கு நடுவிலேயே குளங்கள் கிடக்கும். ஆனால் நான் தேடி வந்தது 17/3 என்ற வீட்டை.

நான் கிரைண்டர் ரிப்பேர்காரன். கோவில்பட்டியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து ஒன்பது வருடம். நம்மூர் வாசலில் சாய்கோடு போட்டு இரண்டு எண் எழுதினால் ஒன்று புதுசு, ஒன்று பழசு. இங்கே பதினேழாம் எண் மனையைக் கூறு போட்டதில் மூன்றாவது கூறுதான் 17/3. அது வேறு சந்தில்கூட இருக்கும். இது தெரியாமல் வந்த புதிதில் கண்ட கதவையெல்லாம் தட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு போனோடு வந்த மேப் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. அதை நம்பி வங்காளம் கற்காமலே காலத்தை ஓட்டினேன். இங்கே பிழைக்க வருகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

போன மாதம் அதற்கு ஒரு அப்டேட் வந்தது. சனியன் பிடித்தது. எண்ணைப் போட்டால் முதலில் பிரியாணிக் கடையைக் காட்டுகிறது. கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விழுங்கிவிடுகிறது. நன்றாக இருந்ததை எதற்கு நோண்டினான் என்று கேட்க ஆள் இல்லை. நட்சத்திரம் போடு என்கிறான். ஒரே வாரத்தில் மூன்று வீட்டுக்குத் தாமதம். எனக்கு வேலை பிடித்துத் தருபவர் காளிகாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அன்று காலை இந்த 17/3 வேலையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “நாளைக்கு அந்த வீட்ல வளைகாப்பு. அரிசி ஊறிக் கெடக்கு. நாலு மணிக்குள்ள கிரைண்டர் ஓடலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

மணி மூன்றேகால். அந்த வீட்டுக்கு அடித்தேன். விசேஷ வீடு, லைன் கிடைக்கவில்லை. போனைப் பையில் போட்டேன். பக்கத்துக் கிளப் வாசலில் நான்கு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வீட்டு எண்ணைச் சொன்னேன்.

“கார் பாடி?” என்றார் வெள்ளை மீசைக்காரர். யார் வீடு என்று கேட்கிறார். பெயர் எனக்குத் தெரியாது. “மாத்ராஜி” என்றேன். மதராசி என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்; எனக்கே பிடிக்காத சொல். ஒருவர் உற்சாகமாக எழுந்து என்னைக் கூட்டிப்போய் ஒரு வாசலில் விட்டார். கதவைத் திறந்தவர் மலையாளி.

திரும்பி வந்தேன். வெட்கத்தைப் பார்த்தால் வேலை போகும். கையைச் சுற்றிக் காட்டி, “கொர்கொர், கொர்கொர்” என்று கிரைண்டர் மாதிரியே கத்தினேன்.

“ஓ, கொர்கொர் பாடி.” நான்கு பேரும் சிரித்தார்கள். தினமும் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தமாம். மீசைக்காரர் இந்தியில் சொன்னார்: “ரெண்டு நாளாத்தான் நிம்மதியாத் தூங்கினோம். அதையும் கெடுக்க வந்துட்டியா?” கிளப்புக்குப் பின்னால் மூன்றாவது கதவைக் காட்டினார்.

பெல்ட் அறுந்திருந்தது. மாற்றினேன். நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கல் சுற்றியது. சந்திலிருந்து “கூம் ஷேஷ்” என்று ஒரு கத்தல். தூக்கம் போச்சு என்கிறார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு கிரைண்டரை ஓட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது அந்தப் பக்கம் போனால் ஒரு ஆட்டம் ஆடாமல் விடமாட்டார்கள். நேற்று ஆட்டத்தின் நடுவில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“எங்கடே நிக்க?”

“கொர்கொர் வீட்டுக்கு முன்னால, கிளப்ல.”

“அது எங்கடே இருக்கு? மேப்ல வரலியே.”

முப்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர். நான் பேசியது தமிழ்தான். அவருக்குப் புரியவில்லை. “கொர்கொர்” காதில் விழுந்ததுமே பலகையைச் சுற்றியிருந்த வங்காளிகள் தலையாட்டினார்கள்.