ஒரே நம்பரில் இரண்டு எஞ்சின்கள்

மர்பி டவுனிலிருந்து வரும் அந்த எலக்ட்ரீஷியன், மெயினைத் தானே அணைத்துவிட்டு, அப்புறமும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். தன்னையே நம்பாத மனிதர். நானோ என்னை நம்பியே நாற்பதைத் தாண்டியவன்.

என் பொம்மை ரயிலுக்கு அவர்தான் ஒயரிங் செய்தார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். ரிமோட்டில் அழுத்தினால் அது மட்டும் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விருந்தாளிகளுக்கு ஓட்டிக் காட்டினேன். அவர்களில் ஒருவர் தான் கட்டும் புது வீட்டு ஒயரிங்கை இந்த எலக்ட்ரீஷியனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒரு எஞ்சினைக் கூப்பிட, இரண்டு கிளம்பி மோதிக்கொண்டன.

"என்னய்யா ஒயரிங் பண்ணியிருக்கே?" என்று கத்தினேன்.

"சாரி சார், பாக்குறேன்."

எல்லாரும் சாப்பிடப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "புது எஞ்சின் எல்லாம் கம்பெனிலேர்ந்தே மூணாம் நம்பர்லதான் வரும், நானே மாத்திக்கிறேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இதை மாத்தலை போல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கெஸ்ட்டுங்க முன்னாடி எப்படி சார்?"

வீடு கட்டுகிறவர் கைகழுவிக்கொண்டே, "வேற நல்ல ஆள் இருக்காரா?" என்று என்னைக் கேட்டார். யோசிப்பதுபோல் நடித்து, இன்னொருவர் பெயரைச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் எலக்ட்ரீஷியன் நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். அந்த வீட்டு வேலை என்னவாயிற்று என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன்.