மோகனூரின் கடவுச்சொல்

இணையத் தாக்குதல்களின் பாதிப்பை மதிப்பிட்டுக் கொள்கைப் பரிந்துரை எழுதும் குழுவொன்றில் நானும் உறுப்பினர். ஓய்வுபெற்ற பேராசிரியைகளைச் சும்மா இருக்க விடுவதில்லை. பிறருடைய வாட்சப் கணக்கைக் கைப்பற்றுவதற்கு எங்கள் வரைவு இட்ட மதிப்பு: ‘நுட்பம் எளிது, அரை நாளில் மீட்கலாம், பாதிப்பு குறைவு.’ கையெழுத்திடுமுன் பாதிக்கப்பட்ட ஒருவரையாவது பார்ப்போம் என்று மார்கழியில் மோகனூர் புறப்பட்டேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி. ஜன்னலோரம் அமருங்கள். பனிக்குள் தென்னைகள் வேரின்றி மிதந்தன. காவிரியைக் கண்டேனா, கனவு கண்டேனா என்று தெளியுமுன் நடத்துநர் எழுப்பிவிட்டார்.

வாய்க்காலில் முறைத்தண்ணீர் யாருக்கு எப்போது என்று வாட்சப் குழுவில் அறிவிப்பவர் பூங்கொடி. அண்ணியின் எண்ணிலிருந்து ஒருநாள் செய்தி வந்திருக்கிறது: ‘சாமி, ஆறு நம்பர் வந்திருக்கும், அனுப்பு.’ அண்ணியின் கணக்கு முன்பே பறிபோயிருந்தது இவருக்குத் தெரியாது. கிழவரையும் குழந்தையையும் ‘சாமி’ என்றே அழைக்கும் ஊரில் யார் சந்தேகப்படுவார்? அனுப்பிவிட்டார். அவர் கணக்கும் பறிபோய், அவர் பெயரில் குழுவெங்கும் போலி இணைப்புகள் பறந்தன. மறுநாள் கணக்கை மீட்டுத் தண்ணீர் வருவதை அறிவித்தபோது ஒருவரும் நம்பவில்லை. ராசப்பன் என்ற விவசாயி தன் முறையைத் தவறவிட்டார். புதிதாக நட்ட கரும்பு காய்ந்தது.

“இப்பெல்லாம் எது போட்டாலும், ‘நெசமாலுமே நீதானா?’ங்கறாங்கம்மா. அதனால நடந்தே போய்ச் சொல்லிட்டு வாரேனுங்க,” என்றார் பூங்கொடி.

நான் போன அன்று மாலை மீண்டும் ராசப்பனின் முறை. மறுநடவு செய்த கரும்பு; இதுவும் தவறினால் இந்த வருடம் அவருக்குக் கரும்பில்லை. பூங்கொடியுடன் வரப்பில் நடந்தேன். விஷயத்தைக் கேட்ட ராசப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேர்ல வந்தா மூஞ்சியாச்சும் தெரியுது,” என்று மண்வெட்டியை எடுத்தார்.

பூங்கொடி சிரிக்கவில்லை. மடை திறந்ததும் அந்திவானம் முழுதும் சத்தமின்றிக் கரும்புக்குள் நுழைந்தது.

செல்பவர்களுக்கு: மாலைப் பேருந்துகளில் நெரிசல், சீக்கிரம் கிளம்புங்கள். ஆறு இலக்க எண்ணை எவருக்கும் தராதீர்கள், எவ்வளவு பாசமாகக் கேட்டாலும்.

திரும்பும் வழியில் பூங்கொடியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி: ‘பத்திரமா போய்ச் சேந்தீங்களா சாமி?’

பகல் முழுதும் என்னை ‘அம்மா’ என்றவர். அழைத்தேன்.

“நீதானா?”

“நாந்தானுங்க,” என்றார்.

வரைவை எடுத்து, ‘குறைவு’ என்பதைக் கோடிட்டு அடித்தேன்.