காலண்டரில் இருந்த பேர்கள்

என் வயிறு என் பேச்சைக் கேட்ட நாள் குறைவு. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. தாய்மார் பால் வெட்டப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தனை வாண்டுகளையும் ஒரு முறைப்பில் அடக்கிவிடுவேன், இந்த ஒரு சாண் வயிற்றை அடக்க முடியவில்லை. நினைத்தால் பொருமும், நினைத்தால் கலக்கும். கக்கூஸோ லயத்து வீட்டு வரிசையின் கோடியில்.

"நீ புள்ளைங்களுக்குக் காவலா, கக்கூஸுக்குக் காவலா?" என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார்.

டவுனில் ஒரு சிங்கள டாக்டரிடம் காட்டினேன். தினமும் தயிர் சாப்பிடு, தயிர் கிடைக்காவிட்டால் பழைய சோற்றுத் தண்ணீர் குடி, வயிற்றில் நல்ல கிருமி வளரட்டும் என்றார். கிருமியை வளர்க்கச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான்! காலண்டரில், வயிறு நன்றாக இருந்த நாளில் சிவப்புப் புள்ளியும் கெட்ட நாளில் கறுப்புப் புள்ளியும் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். கறுப்பு குறையாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி, குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். கொழும்புக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். யுத்தம் நடந்த காலம். ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பொம்பளை அங்கே எங்கே தங்குவது, யாராவது பிடித்துக் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் இருந்தது ஒரே காலண்டர். வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் அதில் கோடு போட்டு வைப்பார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம், பாதி நாள் என்றால் அரைப்பேர். சம்பளத்தில் பேர் குறைந்தால் சண்டை போட அந்தக் கோடுகள் வேண்டும். அதே கட்டங்களில்தான் நான் புள்ளி வைத்தேன். சில மாதம் கழித்து டாக்டரிடம் காட்டத் தாள்களைக் கிழித்ததும் அவர் குதித்தார்.

"ஏய், என் பேரெல்லாம் அதுலதானே இருக்கு!"

"ஒங்க பேர நான் தின்னுட மாட்டேன். சாயங்காலம் பத்திரமா கொண்டாந்து தர்றேன்."

டவுனுக்குச் சற்று முன்னால் ஆமி செக்பொயின்ட். பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். என் பையில் பழைய சோற்றுத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பஸ் சூட்டில் நன்றாகப் புளித்திருந்ததால், திறந்ததும் புஸ்ஸென்று சீறியது. சிப்பாய் பின்னால் ஓர் எட்டு வைத்தான். குடித்துக் காட்டச் சொன்னான், குடித்தேன். பிறகு தாள்களைப் பிரித்தான்.

"மே மொனவத?" இது என்ன என்று கேட்டான்.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரம் பார்த்து என் நாக்கு தோட்டத்திலேயே நின்றுவிட்டது. "மகே மஹத்தயாகே நம்" என்றேன். என் வீட்டுக்காரருடைய பேர்கள் என்று அர்த்தம்.

ஒரு மனுஷனுக்கு இத்தனை பேரா? அவன் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்த் தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தான். பஸ் எனக்காக நின்றது. வயிறு கடமுடா என்று தொடங்கிவிட்டது. பாழாய்ப் போன வாயே, கோடு என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்த அதிகாரியிடம் பேர் என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக்கும் கறுப்புக்கும் நான் சொன்ன விளக்கத்தைக் கேட்டு, வரிசையில் நின்ற ஆம்பளைகள் குனிந்து சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

அவர் மோசமான மனுஷர் இல்லை. நிதானமாகத் தாளைப் பார்த்து, ஒரு கறுப்புப் புள்ளியில் விரல் வைத்து, அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"அன்னைக்கு பேங்குக்கு டவுனுக்கு வந்தேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். அடுத்தது அடையாள அட்டைக்காக வந்த நாள். அதற்கடுத்தது டவுனைத் தாண்டிச் சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போன நாள். அதைச் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் இருந்த நாளெல்லாம் தயிர் வேலை செய்திருந்தது, சிவப்பு. இந்த ரோட்டில் வந்த நாளெல்லாம் கறுப்பு.

"அப்படி டவுனில் என்னதான் சாப்பிடுகிறாய்?" என்றார். அவர் தோளில் துப்பாக்கி தொங்கியது.

"ரொட்டி."

"ரொட்டியை நிறுத்து" என்று தாளை மடித்துக் கொடுத்தார்.

டாக்டரும் அதையேதான் கேட்டார். அவரிடம் துப்பாக்கி இல்லை. "ஒண்ணும் சாப்பிடுறதில்ல மாத்தியா, பயம்" என்று சிங்களத்தில் சொல்லி, செக்பொயின்ட் கதையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கொழும்புக்குக் கடிதம் எழுதவில்லை. எனக்கு உயிர் வந்தது. தயிரை மட்டும் விடாதே என்றார்.

"தயிரு வயித்துக்கு. பயத்துக்கு என்ன மாத்தியா சாப்பிடுறது?"

நான் நீட்டிய காசை அவர் வாங்கவில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸும் அதே வழிதான். ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து தாளை எடுத்தேன். அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. பஸ் கிளம்பும் முன்பே அதில் கறுப்புப் புள்ளியை வைத்துவிட்டேன்.